செவ்வாய், வெள்ளி முத்திரைகள்

பதினான்குதான் வருகிறது. தெய்வசிகாமணி இடமிருந்து வலமாக எண்ணினார், வலமிருந்து இடமாக எண்ணினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணினார். பதினான்கு. பரிதி பதினைந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "பதினஞ்சு கல்லுப்பா, உக்காந்து எண்ணிட்டு இருங்க, நான் போய் உங்க புக்குல முத்திரை வாங்கிட்டு வந்துர்றேன், அங்க கூட்டமா இருக்கு." முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக ஒவ்வொரு பெட்டியிலும் தலை எண்ணியவருக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கிறான் மகன். ரியோவான்ஜி என்று பெயராம் இந்தக் கோயிலுக்கு. சாமி எங்கோ உள்ளே இருக்கிறது, அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்ஸ் காலோடு வந்து மரப்படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, எதிரே வெள்ளைச் சரளைக்கல் கொட்டிக் கோடு கோடாக இழுத்துவிட்ட முற்றத்தையும், அதற்கு நடுவே பாசி பிடித்துக் கிடக்கும் கற்களையும் பார்க்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைக்காரன் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டே பார்க்கிறான். தெய்வசிகாமணி இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மறுபடி எண்ணினார். முதலில் காணாத சின்னக் கல் ஒன்று தலையை நீட்டியது, நல்லது என்று நினைப்பதற்குள் வேறொன்று பெரிய கல்லுக்குப் பின்னால் பதுங்கிவிட்டது. ஓகோ, இதுதான் சங்கதி, எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருக்கிறான்கள். மறைக்கிறவனைக் கண்டால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். மகனிடம் அந்த வியர்வை எட்டு நாளாக அடங்கவே இல்லை. நாளைக் காலை ஒசாகாவிலிருந்து விமானம். அதற்குள் ஒன்று தெரிந்தாக வேண்டும், ஒன்றே ஒன்று. இவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரிந்திருக்க வழியில்லை. அதைத்தான் அவர் எட்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபர் இருபத்தாறு, வியாழக்கிழமை, வேதவல்லிக்குக் கணையத்தில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது அறையில் இவர் ஒருத்தர்தான் இருந்தார். ஆபரேஷனுக்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது, மூன்று மாதம், போனால் நாலு மாதம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதவல்லியிடம் வந்து "அல்சராம்" என்றார் இவர். அவளும் "அப்படியா, அதான் எரியுது" என்றாள். கியோட்டோவிலிருந்து பரிதி போன் செய்தபோது "அம்மாவுக்குச் சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். பயல் புதுக் கம்பெனியில் சேர்ந்து அப்போதுதான் நாலு மாதம், நடுவில் கிளம்பி வந்தால் வேலை போய்விடும் என்று ஒரு காரணம் வைத்திருந்தார். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த வார்த்தையை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. ரிப்போர்ட்டை ரிட்டயர்மென்ட் ஆர்டர் வைத்திருந்த பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பிப்ரவரி பதினைந்து சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்ததும் "திடீர்னு மாரடைப்புடா" என்று போனில் சொன்னார். மறுநாள் சாயங்காலம் விழுப்புரம் வந்து இறங்கினான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள் முக்கால்வாசி கரைந்து போயிருந்தாள், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கண்ணிருந்தால் குழந்தைக்கும் தெரியும். குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்டாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொள்ளி வைத்தான், பதினாறு முடிந்ததும் விமானம் ஏறினான். கேட்காத அந்த ஒரு வார்த்தையை இவரால் மறக்க முடியவில்லை. டிக்கெட் இல்லாதவன் நம்மைப் பார்த்ததும் ஒன்று சண்டை போடுவான், இல்லை தூங்குவான். எல்லாம் தெரிந்தவன்தான் ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

வருஷம் திரும்பித் திதி கொடுத்து முடித்த கையோடு "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பினான். எதற்குக் கூப்பிடுகிறான் என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. வந்த மறுநாளே மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனான், ஃபுஷிமி இனாரி, சிவப்புச் சாயம் பூசிய மர வாசல்கள் ஆயிரக்கணக்கில், ஒன்றையடுத்து ஒன்று, உள்ளே நடந்தால் வெயில்கூடச் சிவப்பாக விழுகிறது. பாதி மலையில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டான், "அம்மாவால இந்தப் படி ஏறியிருக்க முடியுமாப்பா?" இதென்ன கேள்வி. "முட்டி வலிக்காரி, எங்க ஏறப் போறா" என்றார். "ம்" என்றான். வெறும் ம். அந்த ம்மை அவர் அன்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி. அடுத்த நாள் கியோமிசு, பள்ளத்தாக்கின் மேல் மரத்திலேயே கட்டிய பெரிய மேடை, கீழே மூன்று தாரையாகத் தண்ணீர் விழுகிறது, ஆயுசுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்றான். "நீங்க எதைப்பா குடிக்கிறீங்க?" ஆழம் பார்க்கிறான். ஆயுசு என்றால் ஒரு பேச்சு வரும், வேண்டாமென்றால் வேறொரு பேச்சு வரும். தாகமில்லை என்று சொல்லிவிட்டு நாக்கு வறள நின்றார். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். நீளமான மண்டபம், உள்ளே ஆளுயரத்துக்கு ஆயிரத்தொரு பொன் சிலைகள், வரிசை வரிசையாக, திருவிழா ஸ்பெஷலில் நிற்கும் கூட்டம் போல. பரிதி காதருகே குனிந்து, "நாம யாரைப் பார்க்கணும்னு ஏங்குறோமோ அவங்க முகம் இதுல ஒண்ணா கண்டிப்பா இருக்கும்னு இங்க சொல்வாங்கப்பா" என்றான். சொல்லிவிட்டுச் சிலையைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தான். தெய்வசிகாமணி ஒரு சிலையையும் நிமிர்ந்து பார்க்காமல், தரைப் பலகையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். பார்த்திருந்தால் அழுதிருப்பார், அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும், அதற்குத்தானே கூட்டிவந்தான்.

பதினொரு மணி மாத்திரை. பரிதியின் தோள்பை மடியில்தான் இருந்தது, தண்ணீர் பாட்டில் அதில்தான். கையை உள்ளே விட்டார். பாட்டிலுக்குக் கீழே துணி போர்த்திய ஒரு புத்தகம் தட்டுப்பட்டது, கத்தரிப்பூ நிறத்தில், விசிறி மாதிரி மடித்து மடித்து வைத்தது. முத்திரைப் புத்தகம். இந்த ஊர்க் கோயில்களில் அது ஒரு வழக்கம், வந்து கும்பிட்டதற்கு அடையாளமாகச் சிவப்பு முத்திரை குத்தி, அதன்மேல் கறுப்பு மையில் தூரிகையால் கோயில் பேரும் வந்த தேதியும் எழுதித் தருவார்கள். முதல் நாளே இவருக்கு ஒன்று வாங்கித் தந்திருந்தான் பரிதி, பச்சைத் துணியில். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கும் எந்தக் காகிதத்தின் மேலும் இவருக்கு ஒரு மரியாதை உண்டு, ஆசையாகத்தான் வைத்திருந்தார். "நீ ஒண்ணு வாங்கிக்கலியாடா?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்குப்பா, அதெல்லாம் வேண்டாம்" என்றான். பின்னே இது யாருடையது? இடைகழிப் பக்கம் பார்த்தார், ஆளைக் காணோம். அடுத்தவர் பையைக் குடைவது தப்பு என்று ஒரு மனசு சொன்னது. மகன் எப்படி அடுத்தவர் ஆவான் என்று இன்னொரு மனசு சொன்னது. மாத்திரையை மறந்து புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சிவப்பு வாசல் மலை. இரண்டாவது, தண்ணீர் விழும் கோயில். மூன்றாவது, ஆயிரத்தொரு சிலை. எட்டு நாளாகத் தன் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே வடிவங்கள், அதே வரிசை, நாராவில் மான்கள் மேயும் பெரிய புத்தர் கோயில் வரைக்கும் ஒன்றும் பிசகவில்லை. இவன் எல்லா இடத்துக்கும் முன்னாலேயே வந்திருக்கிறான். ஒத்திகை பார்த்திருக்கிறான். ஆபீஸ் வேலையில் கோயில் குளமெல்லாம் பார்க்க எங்கப்பா நேரம் என்று போனில் அலுத்துக்கொண்ட பயல். இல்லை, வேலையே இல்லையோ? வேலை போய் ஊர் சுற்றிக்கொண்டிருந்தானோ? கூட ஒரு பெண்ணோ? நெஞ்சு கொஞ்சம் லேசானதுபோல்கூட இருந்தது, இவன் மறைப்பது அப்படி ஏதாவதாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்தார். பெற்ற பிள்ளைக்கு வேலை போயிருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்பட்டது அன்றைக்கு அந்த மரப்படியில்தான் நடந்தது.

தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனுஷன் சும்மா இருக்கவில்லை, எட்டு நாளில் இந்த ஊர் எண்களைக் கற்றுக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் காத்து நிற்கும்போது வேறென்ன வேலை. ஒரு கோடு போட்டால் ஒன்று, இரண்டு போட்டால் இரண்டு, மூன்று போட்டால் மூன்று, கூட்டல் குறி போட்டால் பத்து. நாலு என்பது திரை போட்ட ஜன்னல், எட்டு என்பது அகட்டி வைத்த இரண்டு கால். ஆறு, தொப்பி வைத்த ஆள். மேலே வருஷம், நடுவில் மாதம், கடைசியில் நாள். இவருடைய புத்தகத்தில் வருஷம் ஏழு என்று இருக்கும், அது இந்த ராஜா பட்டத்துக்கு வந்த கணக்கு என்று பரிதி சொல்லியிருந்தான். இதில் முதல் பக்கத்தில் ஐந்து. அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு முந்தினது. மாதம், கூட்டல் குறி மட்டும், அக்டோபர். நாள், மூன்று கோடு, கூட்டல், அடியில் ஒரு கோடு, முப்பத்தொன்று. விரல் காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது. இருபத்தாறாம் தேதி வியாழன் என்றால் முப்பத்தொன்று செவ்வாய். அடுத்தது நவம்பர் மூன்று. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் பன்னிரண்டு ஞாயிறு, ஆக மூன்றாம் தேதி வெள்ளி. நவம்பர் ஏழு, செவ்வாய். டிசம்பர் ஒன்று, வெள்ளி. வேலையில்லாதவன் எல்லா நாளும் சுற்றுவான், இவன் செவ்வாயும் வெள்ளியும் பார்த்து வந்திருக்கிறான், விளக்கேற்றுகிற நாளாகப் பார்த்து, வேதவல்லி சொல்லிக் கொடுத்த மாதிரி. ஏழெட்டுப் பக்கம் தள்ளினார். வருஷம் தொப்பி வைத்த ஆளாக மாறியது. ஜனவரி பதினாறு, மாட்டுப் பொங்கல். பிப்ரவரி இரண்டு. பிப்ரவரி ஒன்பது. கடைசி முத்திரையில் மாதத்துக்கு இரண்டு கோடு, நாளுக்குக் கூட்டலும் மூன்று கோடும், பிப்ரவரி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறம் பிரிக்கப் பிரிக்க வெள்ளைத் தாள்தான். பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை அவள் போனாள். டாக்டர் சொல்லி ஐந்தாம் நாள் தொடங்கி, அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் நின்றிருக்கிறது இந்தப் புத்தகம். தெரியும். இவனுக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும். சுகர் ஏறியிருக்கு என்று இவர் சொன்னபோதெல்லாம், சரிப்பா, மாத்திரை ஒழுங்கா குடுங்க என்று தெரிந்துகொண்டேதான் சொல்லியிருக்கிறான். தெரிந்தும் ஏன் வரவில்லை? பெற்றவள் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் கோயில் கோயிலாகப் போய் முத்திரை குத்திக்கொண்டிருந்தானா? பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது, நல்லவேளை, கோபம் அவருக்குப் பழக்கமானது.

பரிதி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததை அவர் கவனிக்கவில்லை. பச்சைப் புத்தகத்தை மை காய்வதற்காகப் பிரித்தபடியே கையில் பிடித்திருந்தான். அப்பாவின் மடியில் இருந்ததைப் பார்த்தான், பிடுங்கவில்லை, பதறவுமில்லை.

"இது உன்னுதா?" என்றார்.

"ஆமாப்பா. இன்னைக்கு உங்ககிட்டக் காட்டணும்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

"யாரு சொன்னா உனக்கு?"

"அம்மாதான்."

"அவளுக்கே தெரியாதே. அல்சர்னுதானே சொன்னேன்."

பரிதி சரளைக் கோடுகளைப் பார்த்தபடியே சொன்னான். "ஸ்கேன் எடுத்த எடத்துல இருந்த பொண்ணுகிட்ட அன்னைக்கே நைசா கேட்டு வாங்கிட்டாங்கப்பா. நீங்க டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்."

முப்பத்தாறு வருஷம் ஆள் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொன்ன மனுஷர். பெஞ்சில் உட்கார்ந்து "அதான் எரியுது" என்று சொன்னவளை நம்பிவிட்டார்.

"அப்ப ஏன்டா வரல நீ?"

"கிளம்பிட்டேன்பா. ரெண்டு தடவை டிக்கெட்டே போட்டேன். அம்மா வேண்டவே வேண்டாம்னுட்டாங்க." அவன் குரல் அம்மாவின் குரலாகவே இறங்கியது, அவனை அறியாமல். "'நீ வந்து நின்னீன்னா, முடிஞ்சு போச்சுன்னு உங்கப்பாவுக்கு ஆயிரும்டா. யாருக்கும் தெரியாம நான் ஒருத்தன் தாங்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டுத்தான் அந்த மனுஷன் எழுந்து நடமாடுறார். தெனம் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு அல்சர்தானே, ஆறிரும்ங்கிறார். நானும் ஆமாங்கிறேன். அதையும் புடுங்கிட்டா விழுந்துருவார்'னாங்க."

தெய்வசிகாமணி புத்தகத்தை மூடினார். மூடியது தெரியாமல் மறுபடி திறந்தார். "இந்தச் செவ்வாய் வெள்ளி?"

"அரை நாள் லீவு போட்டுருவேன். இங்க காலைல ஒன்பதரைன்னா அங்க ஆறு மணி. நீங்க ஸ்டேஷன் பக்கம் வாக்கிங் கிளம்பினதும் அம்மா மிஸ்டு கால் குடுப்பாங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போடா, இந்த விட்டத்தையே பார்த்துட்டு இருக்க முடியலம்பாங்க. நான் போன்ல வீடியோ போட்டுக் காட்டிக்கிட்டே நடப்பேன். ஒரு கோயில் முடிய ஒரு மணி நேரம் ஆகும். கடைசில முத்திரை வாங்கி அதையும் காட்டுவேன். நீங்க எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிறதுக்குள்ள வச்சிருவாங்க. நாங்க போன வரிசையிலதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். எல்லாம் ஆறினப்புறம் அவரையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிருன்னு அவங்கதான் சொன்னாங்க."

அப்படியானால் அந்த ம், அந்தத் தண்ணீர்க் கேள்வி, சிலை மண்டபத்தில் தன் முகத்தைப் பார்த்தது எல்லாமே வேறு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். வெட்கமாக இருந்தது. கூடவே, வெளியே சொல்ல முடியாத ஒரு பொறாமையும் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் இவர்கள் இருவரும் ஊர் சுற்றியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் இவர் ஸ்டேஷன் டீக்கடையில் பழைய சகாக்களோடு வண்டி லேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் உன்னைக் கடைசியில அவளைப் பார்க்க விடாமப் பண்ணிட்டேன்னு நெனச்சுச் செத்துட்டு இருந்தேன்டா" என்றார்.

"நான் பார்த்துட்டேன்பா. நல்லாப் பேசினேன். நீங்கதான்" என்று தொடங்கிய பரிதி நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு."

"ஒண்ணுமில்லப்பா."

"அவ அழுதாளா?"

"ஒரு நாள்தான். இங்க. கடைசித் தடவை. அன்னைக்குப் பனி விழுந்து கல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. முதல்ல சிரிச்சாங்க, இவ்வளவு எடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கானே, நாலு கத்தரிச் செடி வைக்கக் கூடாதான்னு. அப்புறம்..." பரிதி மூக்கை உறிஞ்சினான். "'உங்கப்பாகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லிட்டு, அவரைப் புடிச்சுட்டு அழணும் போல இருக்குடா'ன்னாங்க. சொல்லிருங்கம்மான்னேன். பார்க்கிறேன்னாங்க."

இரண்டு பேரும் நாலு மாதம் ஒரே வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் அல்சர் அல்சர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தெய்வசிகாமணிக்கு உதடு கோணியது. வெள்ளைக்காரன் கண்ணைத் திறந்து பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு மேல்துண்டு இல்லாத தோளில் துண்டைத் தேடினார். பரிதி கைக்குட்டையைக் கொடுத்தான். அதை வாங்கிக் கண்ணைத் துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சொல்ல வந்தாடா" என்றார்.

"என்னப்பா?"

"அவ போன அன்னைக்கு, வியாழக்கிழமை மத்தியானம். கையைப் புடிச்சு, இங்க வந்து கொஞ்சம் உக்காருங்களேன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா. எனக்குத் தெரியும்டா, என்னமோ சொல்லப் போறான்னு தெரியும். பயந்துட்டேன். கஞ்சி ஆறிரும், முதல்ல இதைக் குடின்னேன். சரின்னு குடிச்சா."